நடுவில் எந்த லென்ஸும் வளைக்காது

செப்டம்பர் 14, வியாழன்

லென்ஸ் வந்துவிட்டது. பதினாறு-முப்பத்தைந்து, அகலமாகப் பிடிக்கிற லென்ஸ். பெட்டியைப் பிரிக்கும்போது கை கழுவிவிட்டுத்தான் தொட்டேன்.

முப்பது வருடமாகத் தாலி கட்டுகிற கையையும் பந்தியில் வாய் திறந்திருக்கிற சித்தப்பாவையும் படம் எடுத்த எமல்டாவுக்கு, நாற்பத்தொன்பது வயதில் ஒரு நிலக்காட்சி வேலை கிடைத்திருக்கிறது. சென்னைப் பதிப்பகம் ஒன்று கடற்கரை மாவட்டங்களைப் பற்றிப் பெரிய படப்புத்தகம் போடுகிறது. மாவட்டத்துக்கு ஒரு ஆள். தூத்துக்குடிக்கு நான். உப்பளத்தில் விடிகிற நேரம், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே படம். அக்டோபர் பத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்குள் மழை விழுந்தால் பாத்தியெல்லாம் கரைந்து சேறாகிவிடும், பிறகு தை மாதம் வரை அங்கே படம் எடுக்க ஒன்றும் இருக்காது. நான் முடியாது என்றால் திருச்செந்தூர்க்காரன் ஒருவன் ட்ரோனோடு தயாராக நிற்கிறான்.

சாயங்காலம் பீச்சுக்குப் போய் லென்ஸைச் சோதித்தேன். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தால், கடலும் வானமும் சேர்கிற கோடு நடுவில் லேசாகக் குழிந்து தெரிகிறது. நனைந்த துணி காயப்போட்ட கொடிபோல. இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதில் இப்படி ஒரு கோளாறு. பத்திக்கொண்டு வந்தது.

செப்டம்பர் 16, சனி

காசிலிங்கம் அண்ணாச்சி கடைக்குப் போய் லென்ஸைக் கண்ணாடி மேசைமேல் வைத்தேன். கேமராவுக்கு என்ன வேண்டுமானாலும் தூத்துக்குடியில் அவரிடம்தான். என் முதல் கேமராவும் அவர் கொடுத்ததுதான்.

“என்னம்மா, அதுக்குள்ளயா?”

“கோட்ட வளைக்கி அண்ணாச்சி. செகண்ட்ஸ் சரக்க எனக்குத் தள்ளிட்டியளா?”

அவருக்குச் சுருக்கென்றிருக்கும். ஆனாலும் பொறுமையாக லென்ஸை விளக்கில் காட்டிப் பார்த்தார். “அகல லென்ஸுன்னா ஓரத்துல வளைக்கத்தாம்மா செய்யும். தூணு, சுவரு எல்லாம் பீப்பா மாதிரி ஆகும்.”

“ஓரத்துல இல்ல. நடுவுல.”

“நடுவுலயா?” என்று நிமிர்ந்தார். “கோடு படத்துக்கு நட்டநடுவுல போச்சுன்னா எந்த லென்ஸும் வளைக்காதேம்மா. மட்டமான லென்ஸ்கூட வளைக்காது.”

“அப்ப நான் பொய் சொல்லுதேனா?”

அவர் வேறொரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார். வரும் வழியில் யோசித்தேன். கிறுக்கு லென்ஸ் என்றால் எங்கே வேண்டுமானாலும் வளைக்கும். கடை வைத்திருப்பவருக்கு எல்லாம் தெரியும் என்று சட்டமா இருக்கிறது?

செப்டம்பர் 17, ஞாயிறு

நானும் வீட்டுக்காரரும் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போய் வந்தோம். இரண்டாவது லென்ஸும் அதே. இன்னும் மோசம்.

செப்டம்பர் 19, செவ்வாய்

ட்ரைபாட் விஷயமாக அரை மணி நேரம் அண்ணாச்சியோடு சண்டை. உப்பளத்தில் காற்று பேய்க்காற்று. எனக்கு அலுமினியம்தான் வேண்டும், கனமாக, நட்டுவைத்த கல்போல நிற்க வேண்டும். அவர் கார்பனைத் தூக்கி என் கையில் வைக்கிறார்.

“உப்புத் தண்ணிக்குள்ள காலு நிக்கணும். அலுமினியம் ஒரே மாசத்துல பூத்துரும்மா.”

“இது காத்துல பறந்துரும் அண்ணாச்சி.”

“அடியில கொக்கி இருக்குல்லா, பைய மாட்டு. எங்கன பறக்கும்? வரப்புல ரெண்டு கிலோமீட்டரு நடக்கணும்லா, உன் முதுகு என்ன இரும்பா?”

சரி என்று கார்பனே எடுத்தேன். போலரைசர் ஃபில்டர் வேண்டாம் என்று முடிவு செய்தேன். அதைப் போட்டால் தண்ணீரின் பளபளப்பு செத்துவிடும். பாத்தித் தண்ணீரில் வானம் தெரிவதுதானே படமே! பாதி கறுப்பு பாதி வெள்ளையாக இருக்கிற அந்தச் சதுரக் கண்ணாடி மட்டும் போதும், வானத்தின் வெளிச்சத்தை அடக்க.

லென்ஸுக்குப் பதிலாகப் பதினான்கு எம்.எம். வாங்கி வந்திருக்கிறேன், ஜூம் இல்லாதது. இது மூன்றாவது. அண்ணாச்சி சிரிக்காமல் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், புதிதாகப் போட்ட ஜன்னல் கிரில்லில் நடுக்கம்பிகள் கோணலாக இருக்கின்றன. வெல்டிங்காரனை ஃபோனில் கிழித்துவிட்டேன். அவன் வந்து நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, “அக்கா, நேராத்தான இருக்கு,” என்கிறான். இந்த ஊரில் ஒருத்தனுக்கும் வேலையில் சுத்தம் கிடையாது.

செப்டம்பர் 20, புதன்

பீச்சில் எடுத்ததைப் பெரிதாக அச்சுப் போட்டு அண்ணாச்சி மேசையில் விரித்தேன். இப்போது என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று.

அவர் குனிந்து பார்த்தார். கடையில் நின்ற இன்னொரு ஸ்டூடியோக்காரரும் பார்த்தார்.

“நேராத்தாம்மா இருக்கு.”

“ஸ்கேல் தாங்க.”

இரும்பு ஸ்கேலை அடிவானக் கோட்டில் வைத்துப் பார்த்தேன். ஸ்கேலும் வளைந்திருந்தது.

மட்டமான ஸ்கேல். படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 22, வெள்ளி

கண்ணாடிதான் காரணம்! இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். ஆறு வயதிலிருந்து சோடாபுட்டிக் கண்ணாடி போடுகிறவள் நான். பவர் கொஞ்சம் மாறினாலும் எல்லாம் கோணிக்கொண்டு தெரியும்.

கண்ணாடிக் கடைக்குப் போனேன். சோதனை செய்கிற பிள்ளைக்கு இருபத்தைந்து வயதிருக்கும். இடது கண்ணைப் பார்த்துவிட்டு, “இது சின்ன வயசுலயே பார்வ வளரலயோ மேடம்?” என்றாள். ஆமாம், இடது கண் எனக்குப் பேருக்குத்தான், வெளிச்சமும் அசைவும் தெரியும், அவ்வளவுதான். கல்யாணம் எடுத்தது, சமைத்தது, இந்த நோட்டு எழுதுவது எல்லாமே வலது கண்தான்.

கட்டம் கட்டமாகக் கோடு போட்ட அட்டை ஒன்றைக் கொடுத்து, நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னாள். “கோடெல்லாம் நேரா இருக்கா?”

“அச்சு சரியில்லம்மா.”

அவள் என்னைப் பார்த்தாள். அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே போய் யாரிடமோ பேசினாள். திரும்பி வந்து ஒரு சீட்டு எழுதினாள். கண்ணாடி மாற்றிப் பயன் இல்லையாம். திருநெல்வேலியில் விழித்திரை டாக்டரைப் பார்க்க வேண்டுமாம். ‘இன்றே’ என்று எழுதி அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். சின்னப் பிள்ளை, எல்லாவற்றுக்கும் கோடு போடும்.

சீட்டைக் கேமராப் பையில் ஃபில்டர் வைக்கிற உறையில் வைத்தேன். படம் முடிந்ததும் போகலாம்.

செப்டம்பர் 23, சனி

இவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். இன்று காலை ஷிஃப்ட் முடிந்து வந்து உட்கார்ந்ததும் டீ ஊற்றினேன். டம்ளருக்குப் பக்கத்தில் கொஞ்சம் சிந்திவிட்டது.

“ஏட்டி, கண்ணு நல்லாத்தான இருக்கு?”

“பேசிக்கிட்டே ஊத்தினேன். சிந்தத்தான் செய்யும்.”

“நீ ஒண்ணும் பேசலையே,” என்றார். மேசையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டேன்.

செப்டம்பர் 25, திங்கள்

வானிலைச் செய்தி. வங்கக் கடலில் காற்றழுத்தம் உருவாகலாமாம். உப்பளத்து மேஸ்திரிக்கு ஃபோன் போட்டேன். ‘அடுத்த வாரம் வாங்கக்கா, கடைசி உப்பு வாருதல் நடக்கும், பாத்தியில தண்ணி கண்ணாடி கெணக்கா கெடக்கும்’ என்கிறார். இன்னும் பத்து நாள்! பத்து நாள் மழை இல்லாமல் இருந்தால் போதும். பனிமய மாதாவே, வேறொன்றும் கேட்கவில்லை.

செப்டம்பர் 27, புதன்

ஸ்டூடியோவுக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க ஒருவர் வந்தார். அவருடைய மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் புகைபோல ஒன்று. தலையைத் திருப்பினால் மூக்கு வருகிறது, காது போய்விடுகிறது. லைட்டைக் கூட்டினேன். மறுபடியும் கூட்டினேன். “கண்ணு கூசுது மேடம்,” என்றார் அவர்.

இரண்டு பல்புகளையும் மாற்ற வேண்டும்.

செப்டம்பர் 28, வியாழன்

இந்த டைரியில் அச்சடித்திருக்கிற கோடுகளும் நெளிகின்றன. இனி கோடில்லாத நோட்டு வாங்க வேண்டும்.

செப்டம்பர் 30, சனி

இன்று வலது கண்ணை மூடிப் பார்த்தேன். பிறகு இடது கண்ணை மூடிப் பார்த்தேன். பிறகு மீன் வாங்கப் போனேன்.

அக்டோபர் 1, ஞாயிறு

சாளைமீன் குழம்பு. இவர் முள் எடுத்து என் தட்டில் வைத்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் இப்படிச் செய்ததில்லை. “எனக்கு எடுக்கத் தெரியாதாக்கும்?” என்று கத்திவிட்டேன். பாவம், கையைத் தன் தட்டுக்கு எடுத்துக்கொண்டார்.

சாப்பிட்ட பிறகு கேட்டார். “எமல்டா, எங்கிட்ட எதையும் மறைக்கியா?”

“என்னத்த மறைக்க? படம் நல்லா வரணுமேன்னு பயமா இருக்கு, அவ்ளோதான்.”

நம்பிவிட்டார். நான் சொன்னால் நம்புவார். அதுதான் கஷ்டம்.

அக்டோபர் 2, திங்கள்

பதிப்பகத்து ஆசிரியை ஃபோன் செய்தார். மற்ற மாவட்டங்களெல்லாம் வந்துவிட்டன, தூத்துக்குடி மட்டும் பாக்கி. “ஏதாவது சிரமம் இருந்தால் சொல்லிவிடுங்கள், வேறு ஏற்பாடு செய்துகொள்வோம், தவறாக நினைக்க மாட்டோம்,” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். “ஒரு சிரமமும் இல்லை, புதன்கிழமை எடுக்கிறேன்,” என்றேன்.

பையைக் கட்டினேன். எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டது இன்று ஐந்து நிமிடத்தில் முடிந்தது. முதலில் வந்த அதே பதினாறு-முப்பத்தைந்தைத்தான் அண்ணாச்சியிடமிருந்து திரும்ப வாங்கி வந்தேன். ஜூம் இருந்தால் வரப்பில் முன்னும் பின்னும் நடக்க வேண்டாம். கார்பன் ட்ரைபாட். தொடாமல் சொடுக்குகிற ஒயர். பாதிக் கறுப்புக் கண்ணாடி. ஈரத்துணி, காய்ந்த துணி. அப்புறம் குமிழி மட்டம், கேமரா தலையில் செருகுகிற சின்னது. கொத்தனார் வைத்திருப்பதன் குட்டி.

“இது எதுக்கும்மா, நீதான் கண்ணாலயே மட்டம் பாப்பியே?” என்றார் அண்ணாச்சி, கடையில் அதை எடுத்துத் தரும்போது.

நான் அதைப் பைக்குள் போட்டேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. மூன்று லென்ஸைப் பழுது என்று சொல்லி, அதில் முதலாவதையே திரும்ப வாங்குகிறவளிடம் ஒரு மனுஷன் இதற்குமேல் எப்படித் தன்மையாக இருக்க முடியும்?

அக்டோபர் 4, புதன்

எடுத்துவிட்டேன்.

எடுத்துவிட்டேன், எழுதியும் வைக்கிறேன், பெரிய எழுத்தில். வரிமேல் வரி ஏறினால் ஏறட்டும்.

விடிகிறதற்கு முன்னால் உப்பளத்தில் இருந்தோம். இவர் லீவு போட்டுவிட்டு ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வரப்பு ஒரு ஆள் அகலம்தான். இரண்டு பக்கமும் பாத்தி நிறையத் தண்ணீர். வரப்பு எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் திடமில்லை. இவருடைய வெள்ளைச் சட்டையைக் குறி வைத்து நடந்தேன். அதையும் நேராகப் பார்த்தால் காணாது, கொஞ்சம் ஒதுங்கிப் பார்த்தால்தான் தெரியும். தூரத்தில் உப்புக் குவியல்கள் வரிசையாக. காற்று பிய்த்துக்கொண்டு போனது. பையைக் கொக்கியில் மாட்டினேன். ட்ரைபாட் அசையவில்லை. அண்ணாச்சி சொன்னது சரி.

கிழக்கே வெளுத்தது. வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தேன்.

நடுவில் ஒன்றுமே இல்லை. வளைவுகூட இல்லை. ஓரத்தில் குவியல், ஓரத்தில் சிவப்பு, ஓரத்தில் தண்ணீர். நடுவில் கரி பூசின மாதிரி ஒரு வட்டம். கண்ணை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். எந்த இடத்தைப் பார்க்க நினைக்கிறேனோ அந்த இடம் மட்டும் இல்லை.

கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. முப்பது வருடம் கல்யாணத்தில் எத்தனையோ கலவரத்துக்கு நடுவே எடுத்த கை, அதுபாட்டுக்கு வேலை செய்தது.

“இங்க வாங்க. இந்தக் குமிழி நடுவுல நிக்கா, பாருங்க.”

“கொஞ்சம் எடது பக்கமா இருக்கு.”

“இப்போ?”

“ம். நடுவுல நிக்கு.”

சொடுக்கினேன். கேமராவின் பின்பக்கத் திரையில் படம் வந்திருக்கும். “வானமும் தண்ணியும் சேருத கோடு நேரா இருக்கா?”

“ஏன், உனக்குத் தெரியலயா?”

“வெயிலு கண்ணக் கூசுது.”

அவர் கிழக்கே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்திருப்பார். “வெயில் இன்னும் வரலையேட்டி.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க! நேரா இருக்கா இல்லையா?”

“நேரா இருக்கு,” என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. “நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு எமல்டா.”

சூரியன் கிளம்புகிறவரை மேலும் பதினொரு படம் எடுத்தோம். எடுத்தோம் என்றுதான் எழுத வேண்டும். அவர் குமிழியைப் பார்த்தார், குவியல் எங்கே நிற்கிறது என்று சொன்னார், நான் சொடுக்கினேன். திரும்பும்போது வரப்பு என்று நினைத்து வைத்த கால் பாத்திக்குள் போனது. முழங்கால்வரை உப்புத் தண்ணீர். கேமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். இவர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார், வீடு வரும்வரை விடவில்லை.

மத்தியானம் தூங்கினேன். எழுந்தபோது இவர் பையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார், உப்பு ஏறிவிடும் என்று. ஃபில்டர் உறையையும் துடைத்திருக்கிறார். அந்தப் பிள்ளை எழுதிய சீட்டு மேசைமேல் விரித்து வைத்திருந்தது. “நாளைக்குக் காலம்பற மொத பஸ்,” என்றார்.

நான், “நேத்துல இருந்துதான் கொஞ்சம் தெரியல,” என்றேன். சீட்டில் இருந்த தேதியை அவர் கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

அக்டோபர் 10, செவ்வாய்

எழுதி ஆறு நாளாயிற்று. பூதக்கண்ணாடி வைத்து, கண்ணை ஓரமாகத் திருப்பி எழுதுகிறேன்.

படம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆசிரியைக்கு மிகவும் பிடித்திருக்கிறதாம். அண்ணாச்சிக்கு ஃபோன் செய்தேன். “லென்ஸுல ஒரு பழுதும் இல்ல அண்ணாச்சி. என் கண்ணுலதான். உங்களக் கண்டபடி பேசிட்டேன், மன்னிச்சிருங்க,” என்றேன். மனுஷன் ஃபோனிலேயே அழுதுவிட்டார். அன்றைக்கே சந்தேகப்பட்டாராம், நான் எகிறியதால் சொல்லப் பயமாக இருந்ததாம். என் வாயால் நானே கெட்டேன்.

மழை இன்னும் வரவில்லை.

ஐந்தாம் தேதி திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். எழுதிவிடுகிறேன்.

மருந்து விட்டு, கண்ணைப் படம் பிடித்து, கடைசியில் டாக்டரம்மா முன்னால் உட்கார வைத்தார்கள். கண்ணின் பின்சுவரில் புதிதாக ரத்தக் குழாய் முளைத்துக் கசிந்திருக்கிறது, இப்போது உடைந்து ரத்தம் கட்டியிருக்கிறது, அதிகப் பவர் உள்ள கண்களில் இப்படி வரும் என்றார். கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், மாதாமாதம்.

“எப்பலருந்து இப்படி இருக்கு?”

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார். “முந்தாநாத்துல இருந்து டாக்டர். சொல்லிட்டா. எதையும் மறைக்க மாட்டா.”

டாக்டர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது குரலிலேயே தெரிந்தது. “அப்ப நல்லது. சீக்கிரமாவே வந்துட்டீங்க. நெறையத் திரும்ப வர வாய்ப்பு இருக்கு.”

என் கை இவர் கைக்குள் இருந்தது.

“இல்ல டாக்டர்,” என்றேன். “செப்டம்பர் பதினாலுல இருந்து.”

பேனா நின்றது. “மூணு வாரமா? கோடு வளையறது தெரிஞ்சுமா?”

“லென்ஸு சரியில்லன்னு நெனச்சேன்.”

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. ரத்தம் வடிந்தால் ஓரப் பார்வை தெளியும், நடுப்பார்வை எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது, முதல் வாரமே வந்திருந்தால் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கலாம் என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. இவர் என் கையை விட்டுவிட்டார்.

ஊசி போட்ட பிறகு வராந்தாவில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இவர் பக்கத்தில் இருந்தார்.

“அந்தப் பிள்ள சீட்டு எழுதித் தந்த அன்னைக்கே உனக்குத் தெரியும்லா?”

“தெரியும்.”

“லென்ஸு இல்லன்னு தெரியும்.”

“ஸ்கேல் வளைஞ்ச அன்னைக்கே தெரியும்.”

“பெறகு ஏன்டி?”

“மழை வந்துருமேன்னு. உப்பளம் போயிருமேன்னு.”

“உப்பளம் வருஷா வருஷம் வரும்டி,” என்றார்.

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஊசி போட்ட கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. நர்ஸ் பஞ்சு கொண்டுவந்தாள். “ஊசி போட்டா அப்படித்தான் வடியும், பயப்படாதீங்கம்மா,” என்றாள். இல்லை, நான் அழத்தான் செய்தேன்.